வெல்லத்தில் உள்ள சல்பைட்டை வீட்டிலேயே ஒரு பட்டையில் அளக்க முடியாதா?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2024

பொங்கலுக்கு வெல்லம் வாங்கப் போன இடத்தில், வெளிர் மஞ்சளாக இருப்பது ஹைட்ரோஸ் போட்டது, கறுப்பாக இருப்பதுதான் சுத்தமானது என்று கடைக்காரரே சொன்னார். என் தந்தைக்கு ஆஸ்துமா உண்டு. எனக்கு இது வெறும் நிறத்தைப் பற்றிய கவலை அல்ல. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில வினாடிகளில் சர்க்கரை அளவைப் பார்க்கிறோம். உணவில் சேர்க்கும் பொருள்களைக் கண்டறியும் மின்வேதி உணரிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன என்றும் படிக்கிறேன். அப்படியானால் வெல்லத்தைக் கரைத்து ஒரு பட்டையில் சொட்டு விட்டுப் பார்க்கும் கருவி ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? யாராவது தடுக்கிறார்களா?

9 ஜனவரி 2024, இரவு

அளக்க முடியும். கடைக்கு வராததற்குக் காரணம் யாரோ தடுத்தது அல்ல. பதில் நீளும் என்பதால் பகுதி பகுதியாக எழுதுகிறேன். மின்வேதிப் பகுப்பாய்வில் ஆய்வு செய்துவிட்டு இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். வெல்லம், உலர் திராட்சை, வண்ணக் குளிர்பானம் ஆகியவற்றில் இத்தகைய உணரிகளை மாணவர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில், எதை அளக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஆலைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்லப்படுவது சோடியம் டைதயோனைட் என்னும் ஒடுக்கும் பொருள். கொப்பரையில் கொதிக்கும் சாற்றில் அதைப் போட்டால் பாகின் கருமை வெளுக்கும். ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் அது நிலைக்காமல் சிதைந்து, சல்பைட்டாகவும் தயோசல்பேட்டாகவும் மாறிவிடும். ஆகவே கடையில் வாங்கிய வெல்லத்தில் ஹைட்ரோஸையே தேடிப் பயனில்லை. அது விட்டுப்போன சல்பைட்டைத்தான் தேட வேண்டும். நம் நாட்டு விதிகளும் அந்த எச்சத்தைக் கந்தக டை ஆக்சைடாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 70 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கின்றன.

கடைக்காரர் சொன்ன நிற அடையாளத்தை நம்ப வேண்டாம். கரும்பின் ரகம், மண், சாற்றைத் தெளிய வைக்கச் சேர்த்த சுண்ணாம்பின் அளவு, வெண்டைச் செடியின் சாறு விட்டு அழுக்கை எடுத்த பக்குவம், பாகை இறக்கிய பதம் எல்லாம் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஹைட்ரோஸ் தரும் வெளுப்பும் நிலையானது அல்ல. அப்படி வெளுத்த வெல்லம் இருப்பில் கிடக்கக் கிடக்க மீண்டும் கறுக்கும். கறுத்த வெல்லத்திலும் சல்பைட்டு இருக்கலாம். கண்ணால் தீர்மானிக்க வழியில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

10 ஜனவரி 2024

ரத்தச் சர்க்கரைப் பட்டையையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் கேள்வி அதிலிருந்துதான் பிறந்தது. அந்தப் பட்டையின் மேல் கரி மையால் அச்சடித்த மின்முனைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் குளுக்கோஸை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு நொதியும், எலக்ட்ரான்களை நொதியிடமிருந்து வாங்கி மின்முனைக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சேர்மமும் பூசப்பட்டிருக்கின்றன. கருவி ஒரு சிறு மின்னழுத்தம் கொடுக்கிறது; ஓடும் மின்னோட்டம் குளுக்கோஸின் அளவைச் சொல்கிறது. லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் இந்த நொதி மின்முனைக் கருத்தை 1962-இல் வெளியிட்டார்கள். வீட்டில் பயன்படுத்தத்தக்க பேனா வடிவக் கருவி 1987-இல்தான் வந்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் தினமும் வாங்கும் பொருளுக்கே இடையில் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

ரத்தத்தில் சில வசதிகள் உண்டு. யாருடைய ரத்தமாக இருந்தாலும் அதன் பி.எச். 7.4-ஐ ஒட்டியே இருக்கும், உப்பின் அளவும் பெரிதாக மாறாது, தேடும் பொருளும் மில்லிமோலார் அளவில் (லிட்டருக்கு ஒரு மோலின் ஆயிரத்தில் சில பங்கு) தாராளமாக இருக்கும். உடல் ஏற்கெனவே அந்த மாதிரியைக் கரைத்து, வடிகட்டி, சமன் செய்து நம் கையில் தருகிறது. உணவில் இந்த வேலைகளை யார் செய்வது?

சல்பைட்டைக் கண்டறிய நொதிகூட அவசியம் இல்லை. வெறும் கரி மின்முனையிலேயே, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனையை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 0.6 முதல் 0.8 வோல்ட் வரையிலான பகுதியில் அது எலக்ட்ரான்களை இழந்து சல்பேட்டாக மாறும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால் அந்த இடத்தில் மின்னோட்டம் எழுந்து ஒரு முகடு காட்டும். முகட்டின் உயரம் அளவைத் தரும். பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் சுத்தமான சோடியம் சல்பைட்டைக் கலந்து இதைச் செய்தால், முதலாண்டு மாணவர்கூட நேர்க்கோட்டு வரைபடம் எடுத்துவிடுவார். வெல்லத்தைக் கரைத்தவுடன் சிக்கல் தொடங்குகிறது.

12 ஜனவரி 2024

அந்தச் சிக்கலைச் சற்று அருகில் வைத்துக் காட்டுகிறேன்.

மண்டை வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்துக் காய்ச்சி ஆறிய வடிநீரில் கரைத்தால், தேநீர் நிறத்தில் ஒரு கலங்கல் கிடைக்கும். மேலே மெல்லிய நுரை, அடியில் மணலும் சக்கைத் தூளும். வடிகட்டிய பிறகும் நிறம் அப்படியே இருக்கும். கண்ணாடிக் கரி மின்முனையை அலுமினாப் பொடி தூவிய மெத்தையில் எட்டு வடிவில் தேய்த்து, கழுவி, இந்தக் கரைசலில் இறக்கி மின்னழுத்தத்தை ஏற்றினால், சல்பைட்டின் முகடு வர வேண்டிய இடத்துக்கு முன்பிருந்தே மின்னோட்டம் ஒரு மேட்டைப் போல எழுந்து, 0.8 வோல்ட்டைத் தாண்டியும் இறங்காமல் நிற்கும். அந்த மேடு கரும்பிலேயே உள்ள பாலிஃபீனால்களுடையது. ஹைட்ரோஸ் வாசமே படாத, நன்றாகக் கறுத்த வெல்லத்தில்தான் அது இன்னும் பெரிதாக இருக்கும். அடுத்த முறை அதே மின்முனையை அப்படியே இறக்கினால் மேடு சிறுத்திருக்கும். ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்முனையின் மேல் ஒரு படலமாகப் படிந்து அதை மழுங்கடித்திருக்கும். சர்க்கரை நோய்ப் பட்டையைப் போல ஒருமுறை பயன்படுத்தி எறியும் பட்டை இந்த மழுங்கலைத் தீர்க்கும், ஆனால் மேட்டைத் தீர்க்காது.

யாரோஸ்லாவ் ஹேரோவ்ஸ்கி 1922-இல் பிராகாவில், மின்னழுத்தத்தை ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் இந்தத் துறையைத் தொடங்கியபோது, சொட்டுச் சொட்டாக விழும் பாதரசத்தையே மின்முனையாக வைத்தார். ஒவ்வொரு சொட்டும் ஒரு புதிய பரப்பு. படலம் படிய நேரமே இல்லை. 1959-இல் நோபல் பரிசு பெற்ற அந்த முறையின் பெரும்பலம் அதுதான். ஆனால் ஆக்சிஜனேற்றத்துக்கான இந்த மின்னழுத்தங்களில் பாதரசமே கரைந்துவிடும். உணவுச் சோதனைக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. எனவே அந்த வழி நமக்கு அடைபட்டது.

இன்னொரு தடை, சல்பைட்டு வெல்லத்தில் சும்மா இருப்பதில்லை. குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளோடும் அசிட்டால்டிஹைடோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய சல்பைட்டை மின்முனை பார்க்காது. ஆனால் விதி கேட்பது தனித்ததும் ஒட்டியதும் சேர்ந்த மொத்த அளவை. காரம் சேர்த்தால் பிணைப்பு விடுபடும். காரத்திலோ, காற்றில் உள்ள ஆக்சிஜன் சல்பைட்டைத் தின்னத் தொடங்கும். வெல்லத்தில் இயல்பாக உள்ள இரும்பும் செம்பும் அதை விரைவுபடுத்தும். அளக்க வேண்டியதை விடுவிக்கச் செய்யும் வேலையே அதை அழிக்கவும் செய்கிறது. சுத்தமான சல்பைட்டுக் கரைசலையே மூடாமல் மேசையில் வைத்துவிட்டு ஒரு வகுப்பு முடித்துத் திரும்பி வந்தால், முகடு கண்கூடாகத் தாழ்ந்திருக்கும்.

13 ஜனவரி 2024

அயோடின் சொட்டுவிட்டு நிறம் மறைகிறதா என்று பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திராட்சை மதுவில் காலங்காலமாகச் செய்யும் சோதனை அது. வெல்லத்தில் ஃபீனால்களும் அயோடினைக் குடிக்கும். கறுப்பு வெல்லம் அநியாயமாகக் குற்றவாளி ஆகும். மின்முனையில் பார்த்த அதே மேடு இங்கே வேறு உருவில் வருகிறது.

17 ஜனவரி 2024

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான மின்வேதி உணரிகளைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே போட்டியில் இறங்கியிருக்கின்றன: கிராஃபீன், கார்பன் நானோக் குழாய், தங்க நானோத் துகள் என்று ஏதோ ஒன்றை மின்முனையில் பூசி, கண்டறியும் எல்லையை, அதாவது உணரி காணக்கூடிய மிகக் குறைந்த செறிவை, நானோமோலாருக்கும் (மில்லிமோலாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறக்குவது. அந்த எல்லை, தாங்கல் கரைசலின் இரைச்சலை மூன்றால் பெருக்கி, நேர்க்கோட்டின் சாய்வால் வகுத்துப் பெறுவது. அதாவது, மிகச் சுத்தமான நீரில் உணரி எவ்வளவு கூர்மையானது என்பதையே அது சொல்கிறது.

நமக்கு எவ்வளவு கூர்மை தேவை? வரம்பு கிலோவுக்கு 70 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. அதன் மூலக்கூறு எடை 64. எனவே வரம்பைத் தொடும் ஒரு கிலோ வெல்லத்தில் ஏறத்தாழ 1.1 மில்லிமோல் இருக்கிறது. ஒரு கிராம் வெல்லத்தை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் செறிவு 11 மைக்ரோமோலார். பத்து நானோமோலார் வரை காணும் உணரி நம் தேவையைவிட ஆயிரம் மடங்கு கூர்மையானது. அந்த ஆயிரம் மடங்கால் வெல்லத்தின் ஃபீனால் மேடு ஒரு துளியும் குறையாது.

நிறமிகளிலும் இதே கணக்குத்தான். இனிப்பு வகைகளுக்கு டார்ட்ராசின் என்னும் மஞ்சள் நிறமி கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டுள்ளது. மூலக்கூறு எடை 534 என்பதால் அது கிலோவுக்கு ஏறத்தாழ 0.19 மில்லிமோல். சாதாரணக் கரி மின்முனையாலேயே எட்டக்கூடிய அளவு இது.

ஆகவே தடை மின்முனையில் இல்லை. உணவுக்கும் மின்முனைக்கும் இடையில் உள்ள அந்தச் சில நிமிட வேலையில் இருக்கிறது: கரைப்பது, விடுவிப்பது, பிரிப்பது, காற்றுப் படாமல் காப்பது. அதைப் பற்றி எழுதும் கட்டுரைகள் குறைவு. பூச்சுப் பொருளைப் பற்றி எழுதினால் புதுமை என்று ஏற்கிறார்கள். வடிகட்டுவதைப் பற்றி எழுதினால் ஏற்பதில்லை. துறைக்குள் இருப்பவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையான வருத்தம்.

18 ஜனவரி 2024

நேற்றைய குறிப்புக்கு ஒரு ஆய்வு மாணவர் எழுதிய மறுப்பு நியாயமானது. உணரி கூர்மையாக இருந்தால் மாதிரியை நூறு மடங்குக்குப் பதில் பத்தாயிரம் மடங்கு நீர்க்க வைக்கலாம். அப்போது மாதிரியின் பிசுபிசுப்பு, அமிலத் தன்மை, உப்பு ஆகியவற்றின் தொல்லை கிட்டத்தட்ட மறைந்து, தாங்கல் கரைசலின் குணமே ஓங்கும். மின்முனையில் படலமும் குறைவாகப் படியும் என்கிறார். இதை ஏற்கிறேன். கூர்மையால் பயன் உண்டு. ஆனால் சல்பைட்டும் ஃபீனாலும் ஒன்றாகத்தான் நீர்க்கும். அவற்றின் விகிதம் மாறாது. இரண்டும் ஒரே மின்னழுத்தப் பகுதியில் ஆக்சிஜனேற்றம் அடையும்வரை நீர்ப்பு அவற்றைப் பிரிக்காது. சல்பைட்டு எவ்வளவு நீர்க்கிறதோ, கரைந்துள்ள ஆக்சிஜனுக்கு அது அவ்வளவு எளிய இரை என்பதையும் மறக்கக் கூடாது.

18 ஜனவரி 2024, இரவு

கேள்வி கேட்டவரின் தந்தைக்காக ஒரு கணக்கு. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு சல்பைட்டுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தன் தற்காலிக எல்லையைத் திரும்பப் பெற்று, தரவுகள் போதவில்லை என்று சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு முதல் எல்லை 42 மில்லிகிராம். வரம்புக்குள் உள்ள வெல்லம் 50 கிராம் சாப்பிட்டால் அதிகம் போனால் 3.5 மில்லிகிராம் சேரும். பொதுவான ஒருவருக்கு இது கவலைக்குரியது அல்ல. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சல்பைட்டு மூச்சுக்குழாயை இறுக்கும்; அவர்களுக்கு இந்த எல்லை பாதுகாப்பு ஆகாது. அமெரிக்காவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே பொட்டலத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்காகத்தான் இருக்கிறது. உங்கள் தந்தை அந்தப் பகுதியில் இருக்கிறாரா என்பதை நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். எந்தப் பட்டையும் அதைச் சொல்லாது.

28 ஜனவரி 2024

பிரிப்பதற்கு வழி உண்டா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்டு, அதுவே இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சல்பைட்டுக்கு மட்டும் உள்ள ஒரு குணம், அமிலத்தில் அது வாயுவாக எழும்பும். ஃபீனால், சர்க்கரை, இரும்பு எதுவும் எழும்பாது. ஆகவே வெல்லக் கரைசலில் முதலில் காரம் சேர்த்துப் பிணைப்பை விடுவித்து, உடனே மூடிய சிறு குப்பிக்குள் அமிலம் செலுத்தினால் கந்தக டை ஆக்சைடு மேலே வரும். குப்பியின் வாயில் மெல்லிய டெஃப்லான் படலம். அதற்கு மறுபுறம் மின்சாரத்தைக் கடத்தும் கரைசலான மின்பகுளி சில துளியும் அச்சடித்த பட்டையும். படலம் வாயுவை மட்டும் விடும், கரைசலை விடாது. ஆக்சிஜனை அளக்க கிளார்க் 1950-களில் கண்ட படல மின்முனையின் அதே தத்துவம் இது. எங்கள் ஆய்வகத்தில் இப்படி வைத்தபோது கறுப்பு வெல்லத்தின் மேடு முற்றாக மறைந்து, தட்டையான அடிக்கோட்டின் மேல் சல்பைட்டின் சமிக்ஞை மட்டும் நின்றதைப் பார்த்தேன். அந்தக் கோட்டைப் பார்த்த மாணவி, மின்முனை வேலை செய்யவில்லை என்று நினைத்து இணைப்புக் கம்பிகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் செய்யும் மோனியர்-வில்லியம்ஸ் முறையும் இதே வாயுவைத்தான் நம்புகிறது: அமிலத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் செலுத்தி, உண்டாகும் கந்தக அமிலத்தைக் காரத்தால் தரம் பார்ப்பது, அதாவது அதைச் சமன் செய்ய எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளப்பது. பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் வகைகளில் இயல்பாக உள்ள கந்தகச் சேர்மங்கள் அந்தக் கொதிநிலையில் சிதைந்து, சேர்க்காத சல்பைட்டைச் சேர்த்ததாகக் காட்டும் குறை அதற்கு உண்டு. கொதிக்க வைக்காத படல முறையில் அந்தத் தொல்லை குறையும் என்பது என் எதிர்பார்ப்பு.

விலை என்ன என்றால், நேரம். வாயு எழும்பிச் சமநிலைக்கு வரப் பத்து நிமிடமாவது ஆகும். காரத்தையும் அமிலத்தையும் அளந்து சேர்க்கும் கை வேண்டும். ஐந்து வினாடிப் பட்டை என்ற கனவு இங்கே நின்றுபோகிறது. சமையலறையில் அமிலக் குப்பி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

4 பிப்ரவரி 2024

பட்டைகளைத் தமிழ்நாட்டில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு: முடியும். திரை அச்சு முறையில் கரி மையையும் வெள்ளிப் பசையையும் ஞெகிழித் தாளில் அச்சடிப்பதே வேலை. அறிவு மூலதனமும் அருகிலேயே இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் படிக்கும் கருவியையும் குறைந்த செலவில் செய்யலாம். 2011-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 80 டாலருக்கும் குறைவான செலவில் ஒன்றைச் செய்து, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பட்டையும் கருவியும் தடை அல்ல என்பதைத்தான் மீண்டும் சொல்கிறேன்.

18 பிப்ரவரி 2024

பஞ்சு மிட்டாயைப் பற்றி ஒரே நாளில் இத்தனை கேள்விகள். புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசும் நேற்று தடை விதித்துவிட்டது. மாதிரிகளில் ரோடமின்-பி கண்டறியப்பட்டதே காரணம். துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. உணவில் எந்த அளவிலும் அனுமதி இல்லை.

இங்கே 17 ஜனவரிக் குறிப்புக்கு ஒரு எல்லை போட வேண்டியிருக்கிறது. வரம்பு உள்ள பொருளுக்கு எவ்வளவு என்பது கேள்வி; தடை செய்யப்பட்ட பொருளுக்கு, அது அங்கே இருக்கிறதா, இருப்பது அதுதானா என்பதே கேள்வி. அப்படியானால் நானோமோலார் கூர்மை இங்கே தேவைப்படும் என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் இல்லை. நிறத்துக்காகச் சேர்க்கும் சாயம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்காவது இருந்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு கரி மின்முனைக்கு மிகத் தாராளம். தேவைப்படுவது அடையாளம். மின்வேதி முகடு அடையாளத்தில் பலவீனமானது. ரோடமின்-பி ஒரு வோல்ட் அருகில் முகடு காட்டும்; அனுமதிக்கப்பட்ட சில நிறமிகளும் அந்தப் பக்கத்திலேயே காட்டும். முகடு நிற்கும் இடத்தை மட்டும் வைத்து ஒரு தள்ளுவண்டிக்காரர் மேல் வழக்குப் போடுவது அநீதி.

சொல்லப்போனால் ரோடமின்-பிக்கு மின்முனையைவிட எளிய முதல் சோதனை இருக்கிறது. பஞ்சு மிட்டாயை நீரில் கரைத்து, பணத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் இருட்டில் வைத்தால் அந்தச் சாயம் ஆரஞ்சாக ஒளிரும். கார்மோயிசின், பொன்சோ 4ஆர் ஆகிய அனுமதிக்கப்பட்ட சிவப்புகள் அப்படி ஒளிர்வதில்லை. எரித்ரோசின் ஓரளவு ஒளிரும் என்பதால் இதுவும் தீர்ப்பு அல்ல. ஆய்வகத்துக்கு எந்த மாதிரியை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க உதவும். மின்வேதியியலை நேசிப்பவன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே சிபாரிசு செய்ய மாட்டேன்.

19 பிப்ரவரி 2024

கேசரிப் பவுடரைப் பற்றி. அதில் பெரும்பாலும் டார்ட்ராசினும் சன்செட் எல்லோவும் உப்போடு கலந்திருக்கும். கரி மின்முனையில் இந்த இரண்டின் முகடுகளுக்கும் இடையில் ஏறத்தாழ கால் வோல்ட் இடைவெளி இருப்பதால், பிரிக்காமலே இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். மின்வேதி முறை உண்மையிலேயே சோபிக்கும் இடம் இது. கண்ணுக்கு இரண்டும் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். ஒளி உறிஞ்சப்படுவதை அளக்கும் நிறமாலைமானியிலும் அவை உறிஞ்சும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனால் உணரி சொல்வது அளவை மட்டும். இனிப்பில் 100 மில்லிகிராம் வரை அனுமதி உள்ள அதே நிறமியை பிரியாணியில் போடவே கூடாது. பட்டைக்கு எந்தத் தட்டில் இருந்து சொட்டு வந்தது என்று தெரியாது.

கலவைக் காராபூந்தியில் இதைச் செய்தவர் முகடு இடம் மாறுவதாகச் சொல்கிறார். காரணம் உப்பு. அச்சடித்த பட்டையில் ஒப்பு மின்முனை வெறும் வெள்ளி–வெள்ளி குளோரைடுப் பசைதான்; அதற்குத் தனிக் கரைசல் கிடையாது. கரைசலில் குளோரைடு பத்து மடங்கு கூடினால் அதன் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் நகரும். அதனோடு சேர்ந்து எல்லா முகடுகளும் நகரும். மாதிரியோடு 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துக்கொண்டால் உணவின் சொந்த உப்பு பொருட்படுத்த வேண்டாத அளவாகிவிடும்.

24 பிப்ரவரி 2024

வெயிலும் ஒரு காரணி. மூலக்கூறுகள் கரைசலில் பரவி மின்முனையை அடையும் விரவல் வேகம் ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். குளிரூட்டிய அறையில் 24 பாகையில் அளவுதிருத்திய பட்டையைச் சித்திரை மதியம் 36 பாகையில் சந்தையில் பயன்படுத்தினால், அளவு கால் பங்கு வரை கூடிக் காட்டலாம். சர்க்கரை நோய்க் கருவிகளுக்குள் வெப்ப உணரி வைத்துத் திருத்துகிறார்கள். உணவு உணரிக் கட்டுரைகளில் வெப்பநிலை பெரும்பாலும் 'அறை வெப்பம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

3 மார்ச் 2024

அப்படியானால் இது யாருக்கு என்று கேட்டவருக்கு.

வீட்டுக்கு அல்ல என்பது இப்போது என் உறுதியான கருத்து. சட்ட நடவடிக்கைக்கும் அல்ல. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்பட்டு, ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போய், அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அந்த ஏற்பாடு மெதுவானது, ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்புத் தருவது. சர்க்கரை நோய்க் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரமே பதினைந்து சதவீதம் வரை விலகலை ஏற்கிறது. அதே விலகலை வெல்லத்தில் வைத்தால், 70 மில்லிகிராம் உண்மையில் உள்ள மாதிரி 60 என்றும் வரும், 80 என்றும் வரும். வரம்புக் கோட்டில் நிற்கும் ஒருவரின் பிழைப்பை அந்த எண்ணிடம் ஒப்படைக்க முடியாது.

இது ஆலைக்கும் ஏலக் களத்துக்கும் உரியது. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வருகிறது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்து வாங்குகிறார்கள். அத்தகைய களத்தில் பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு படலக் குப்பித் தொகுதி, ஒரு கருவி, வெப்பத் திருத்தம் ஆகியவை இருந்தால் ஒரு முற்பகலில் பல குவியல்களைத் தரம் பிரிக்கலாம். பத்து மில்லிகிராமுக்குக் கீழ், நூறுக்கு மேல், இடையில் என்று மூன்றாகப் பிரித்தாலே போதும்; இடையில் உள்ளதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இந்த வேலைக்குப் பதினைந்து சதவீத விலகல் ஒரு பொருட்டே அல்ல. ஹைட்ரோஸ் போடாமல் சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் மட்டும் கொண்டு காய்ச்சும் விவசாயிக்கு, இன்று அவர் வெல்லம் கறுப்பு என்பதற்காக விலை குறைகிறது. எண் ஒன்று கையில் இருந்தால் அதே கறுப்புக்கு அவர் கூடுதல் விலை கேட்கலாம். இந்த உணரியால் பயன்பட வேண்டியவர் என்று நான் நினைப்பது அவரைத்தான்.

12 மார்ச் 2024

கர்நாடகமும் நேற்று நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாயையும், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தையும் தடை செய்திருக்கிறது. கோபி மஞ்சூரியனில் சோயா, தக்காளி, மிளகாய் என மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள்கள் நிறையவே இருப்பதால், அதை நேரடியாகப் பட்டையில் அளப்பதாகச் சொல்லும் எந்தக் கட்டுரையையும், அதே உணவில் தெரிந்த அளவு நிறமியைச் சேர்த்து மீட்டுக் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே நம்புங்கள். மீட்பு, அதாவது சேர்த்ததில் அளவில் திரும்பக் கிடைத்த பங்கு, 95 சதவீதம் என்று எழுதியிருந்தால், எத்தனை மடங்கு நீர்த்த பிறகு, எந்த ஆய்வக முறையோடு ஒப்பிட்டு என்பதையும் பாருங்கள்.

ஆலை வைத்திருக்கும் ஒருவர் மாதிரி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உருண்டையின் மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டாம். காற்றுப் பட்ட மேற்புறத்தில் சல்பைட்டு குறைந்திருக்கும், நடுப்பகுதியில் கூடுதலாக இருக்கும். உருண்டையை இரண்டாகப் பிளந்து, விளிம்பில் இருந்து நடுவரை ஒரு ஆப்பாக எடுத்து, பொடித்துக் கலந்து, அதிலிருந்து ஒரு கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கொப்பரையில் இறக்கியதில் முதலில் அச்சில் ஊற்றியதையும் கடைசியில் ஊற்றியதையும் தனித்தனியாக எடுங்கள். கரைத்தவுடன் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடி, அன்றே அளந்துவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வரும் எண் உங்களுக்குச் சாதகமாக இருக்கும், உண்மையாக இருக்காது.